பூசணிக்காய் உடைத்த பிறகு

பூசணிக்காய் உடைத்துவிட்டால் படப்பிடிப்பு முடிந்தது. சினிமாக்காரர்களின் வழக்கம் அது. கடைசி ஷாட் எடுத்ததும் கேமராவுக்குக் கற்பூரம் காட்டி, பூசணிக்காயைச் சுற்றித் தரையில் போட்டு உடைப்பார்கள். 'சிப்பிக்காரி' படத்துக்குப் பொங்கலுக்கு முன்பே உடைத்தார்கள். தங்கம் பக்கத்தில் நின்று பார்த்தாள். குங்குமம் தடவிய ஒரு துண்டு அவள் செருப்பின் மேலேயே வந்து விழுந்தது.

அடுத்த வாரமே மகளுடன் திருச்செந்தூருக்கு ரயில் ஏறினாள். மூத்தவள் அனுப்ரியாவுக்குக் கதாநாயகி வேஷம் கிடைத்த அன்று வேண்டிக்கொண்டது அது. படம் நல்லபடியாக முடிந்தால் முடி காணிக்கை. வேண்டுதலைத் தள்ளிப்போடுவது தங்கத்துக்கு ஆகாது.

பதினோரு வயதுப் பெண்ணின் இடுப்பு வரை தொங்கிய ரெட்டைச்சடை கடற்கரைக் கோயிலில் போனது. படம் முழுக்க அவளைப் பின்னாலிருந்து அடையாளம் காட்டிய சடை அது.

போன வாரம் உதவி இயக்குநர் அஸ்வின் போன் செய்தான். கொஞ்சம் பேட்ச் ஒர்க் பாக்கி, விட்டுப்போன ரெண்டு மூணு ஷாட்தான், பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க என்றான். தங்கம் மொட்டை விஷயத்தைச் சொன்னாள். மொட்டையா என்று எதிர்முனையில் அலறினான்.

"பூசணிக்காதான் உடச்சிட்டீங்களே தம்பி."

"அதெல்லாம் சும்மாக்கா. புரொட்யூசர் ஊருக்குக் கிளம்பினாரு, நல்ல நாளா இருந்துச்சு, உடச்சோம். அதப் பாத்து யாராவது மொட்டை போடுவாங்களா?"

தங்கம் போட்டிருந்தாள்.

விக் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று டைரக்டர் சொன்னதாகப் பிறகு செய்தி வந்தது. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீடு ஒரு வாரம் தூங்கியது.

சனிக்கிழமை விடிந்தது.

மாம்பலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் வீடு. அனு தொப்பியோடு ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படப்பிடிப்பு நடந்த நாட்களில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நிற்கும். டிரைவர் இறங்கி, "பாப்பா ரெடியா?" என்று கீழேயிருந்து கேட்பார். தெருவே பார்க்கும்.

"கார் வராதுட்டி" என்றாள் தங்கம். "நம்மளையே வரச் சொல்லுதாங்க. கார் வேற யாருக்கோ போயிருக்காம்."

"யாருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பு."

தங்கம் நீட்டியது வெதுவெதுப்பான தண்ணீர். படம் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து அனுவுக்கு அதுதான். ஐஸ்கிரீம் கிடையாது, தயிர் கிடையாது, பிரிட்ஜைத் திறக்கவே கூடாது. குரல் கெட்டுவிடும். டப்பிங் இன்னும் பாக்கி இருந்தது. எட்டு வயதுத் தங்கை ஷண்முகப்ரியாவுக்கு அந்தச் சட்டம் எதுவும் இல்லை. அவள் அக்காவின் எதிரிலேயே குளிர்ந்த பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள். முன்பல் இரண்டும் விழுந்த வாய்.

"சண்மு எதுக்கும்மா வரா?" என்றாள் அனு.

"வீட்ல யாரு இருக்கா இவளைப் பாக்க? அப்பாவுக்குக் கடை."

கருணாகரன் ஏற்கெனவே கிளம்பியிருந்தார். உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் வேலை. முகூர்த்த மாதத்துச் சனிக்கிழமையில் லீவு கேட்பவனை அங்கே பைத்தியம் என்பார்கள். போகும்போது அனுவின் தொப்பியைத் தட்டி, "வாரேன் ஹீரோயின்" என்று சொல்லிவிட்டுப் போனார். தினமும் அப்படித்தான் சொல்வார்.

திருவான்மியூர் வரை பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாலவாக்கம். தங்கத்தின் மடியில் சண்மு. சண்முவின் ரெட்டைச்சடை காற்றில் பறந்து அனுவின் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. இரண்டு பெண்களுக்கும் ஒரே எண்ணெய், ஒரே சீப்பு, ஒரே ஞாயிற்றுக்கிழமைக் குளியல் என்று தங்கம் வளர்த்த முடி. இப்போது ஒருத்தியிடம் மட்டும் இருந்தது.

"கட்டி வையேன்டி அத" என்றாள் அனு.

"நீ ஏன் பொறாமப்படுற மொட்டை?"

"சும்மா இரிங்கட்டி ரெண்டு பேரும்" என்றாள் தங்கம்.

*

கடற்கரையில் இரண்டு வேன், ஒரு குடை, பத்திருபது பேர். பழைய கூட்டத்தில் பாதிதான். அஸ்வின் ஓடி வந்தான்.

"வாங்கக்கா. அனு, தொப்பிய எடு பாப்போம். ஐயோ, நெஜமாவே சுத்தமா கீதே. தேங்கா மாதிரி."

"வளந்துட்டு இருக்குண்ணா" என்றாள் அனு.

"வளரும் வளரும். படம் ரிலீஸானப்புறம் வளந்து இன்னா பண்றது?"

குடைக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஒப்பனைக்காரர் அவள் முகத்தில் கறுப்பைப் பூசிக்கொண்டிருந்தார். அவள் உடுத்தியிருந்த சிவப்புத் தாவணியில் அனுவின் பாவாடைக்குப் போட்ட அதே மஞ்சள் கரை. கழுத்தில் சிப்பி மாலை. அனு படம் முழுக்கப் போட்டிருந்த அதே மாலை. வலது பக்கத்து மூன்றாவது சிப்பி உடைந்திருந்தது. உடைத்தது அனுதான்.

"அவங்க யாருண்ணா?"

"ஸஹானா மேடம்."

"படத்துல யாரு?"

அஸ்வின் தலையைச் சொறிந்தான். "நீதான்."

"நானா?"

"பெரிய நீ."

அனு அம்மாவைப் பார்த்தாள். தங்கம் ஸஹானாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை டிவியில் பார்த்த ஞாபகம். இவ்வளவு பக்கத்தில் நிற்பதே தங்கத்துக்குப் பெருமையாக இருந்தது. மகளின் கேள்வி காதில் விழவில்லை.

டைரக்டர் மதிவாணன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு வருஷம் அனுவோடு தரையில் உட்கார்ந்து வசனம் சொல்லிக் கொடுத்தவர். அவள் கண்ணைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அனு, கதைய லேசா மாத்திருக்கோம். உன்னோட செவந்தி சின்னப் பொண்ணா கடலுக்குள்ள நடந்து போறா. அலை வருது. அலை வடிஞ்சா அவங்க எழுந்து வராங்க. இருபது வருஷம் கழிச்சு. மீதிக் கதை அவங்களோடது."

"மீதின்னா எவ்ளோ சார்?"

"இன்டர்வலுக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்து."

"நான் எடுத்ததெல்லாம்?"

"பிளாஷ்பேக்ல வரும்மா. முக்கியமானது எல்லாம் வரும்."

முதல் நாள் அவர் அனுவுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். படத்தின் கதை அதிலிருந்து எடுத்தது. அனு அதைப் பலமுறை படித்திருந்தாள். அதில் செவந்தி கடைசிப் பக்கம் வரை பதினோரு வயதுக்காரிதான். ஊரே தடுத்தும் படகைத் தள்ளிக்கொண்டு போவதும் அவள்தான், கரையைப் பார்த்துக் கடைசி வசனத்தைச் சொல்வதும் அவள்தான்.

"புக்ல அவ வளர மாட்டா சார்."

"புக் வேற, படம் வேற."

"அந்தக் கடைசி டயலாக்?"

மதிவாணன் பதில் சொல்வதற்கு முன்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். வேகமாகப் போனார். நேரம் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

அந்த வசனம் அனுவுக்கு இப்போதும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். 'கடல் யாருக்கும் வழி விடாது. நாமதான் போவணும்.' படகு மேல் நின்று ஏழெட்டு முறை சொல்லி எடுத்த காட்சி. யூனிட்டே கை தட்டியது. அன்று தங்கம் அழுதாள். வாங்கிய பூவை எல்லாம் கேமராமேனுக்குக் கொடுத்தாள்.

"அம்மா, என் கிளைமாக்ஸ எடுத்துட்டாங்க" என்றாள் அனு.

"அதான் பிளாஷ்பேக்ல வருதுன்னு சொல்லுதாரே."

"கிளைமாக்ஸ் எப்படிம்மா பிளாஷ்பேக்ல வரும்?"

தங்கம் மகளைக் குடைப் பக்கம் தள்ளினாள். "இன்னைக்கு ஒழுங்கா நடி. மீதிய அப்புறம் பேசுவோம்" என்றாள்.

விக் வந்தது. ஒட்டுப் பசை, கிளிப், மேலே ஒரு பூ. கண்ணாடியில் பார்த்தபோது அனுவுக்கு ஒரு நிமிஷம் பழைய முகம் தெரிந்தது. தோளைக் குலுக்கிச் சடை இரண்டையும் முன்னால் போட்டுக்கொண்டாள். செவந்தி கோபம் வந்தால் செய்வது அது.

ஷாட் சுலபம்தான். கேமராவுக்கு முதுகு. கடலுக்குள் நடக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். அலை வரும்.

அனு நடந்தாள். நின்றாள். அலை வந்தது.

அலை வடிந்தபோது அவள் மொட்டைத் தலையோடு நின்றாள். விக் பத்தடி தள்ளி மிதந்தது. செத்த பெருச்சாளி மாதிரி கரையேறி மணலில் புரண்டது. யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஸஹானா மட்டும் கையால் வாயை மூடிக்கொண்டாள். சண்மு ஓடிப்போய் விக்கை எடுத்துத் தண்ணீரை உதறினாள்.

அவள் குனிந்து நிமிர்ந்ததைத்தான் மதிவாணன் பார்த்தார். முதுகில் ரெட்டைச்சடை புரண்டது.

"அம்மா, அது யாரு?" என்று தங்கத்திடம் கேட்டார்.

"சின்னவ சார்."

"முதுகுதானே காட்டணும். இவளை நிறுத்திடலாமே."

தங்கம் யோசிக்கவே இல்லை. "ஆகட்டும் சார்" என்றாள். அந்த மொட்டையைப் போட்டது தான்தான் என்பது ஒரு வாரமாக அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. கல்லை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைத்தது. இறக்கி வைத்தாள்.

ஈரப் பாவாடையை அனு வேனுக்குள் அவிழ்த்துக் கொடுத்தாள். சண்மு அதைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அனு, நீ எப்படி நடப்பேன்னு அவளுக்குச் சொல்லிக் குடு" என்றான் அஸ்வின். "ஒரு தோள் எறக்கி நடப்பியே."

அனு சொல்லிக் கொடுத்தாள். இடது தோளை இறக்கு. கையை வீசாதே. கீழே பார்க்காதே. தலையைத் திருப்பவே திருப்பாதே. சண்மு ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் வீட்டில் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தவள்தானே.

ஒன்றை மட்டும் யாரும் சண்முவுக்குச் சொல்லவில்லை. தண்ணீரில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் ஒன்றை மீனவர்கள் நட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் தரை சட்டென்று இறங்கும். பழைய படப்பிடிப்பில் அனுவுக்கு முதல் நாளே சொன்னது. சொல்ல மறந்தவர்களில் அனுவும் உண்டு.

"ஆக்ஷன்!"

சண்மு நடந்தாள். ஒரு தோள் இறங்கியிருந்தது. அனு தொப்பியைப் போட்டுக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். கடலுக்குள் தானே நடந்து போவதைப் பார்ப்பது போல் இருந்தது.

முழங்கால். தொடை. இடுப்பு. சண்மு நிற்கவில்லை. எல்லோரும் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானிட்டரில் மூங்கில் தெரியாது. தெரியாதபடிதான் ஃபிரேம் வைத்திருந்தார்கள்.

சண்மு மூங்கிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள்.

"சண்மு! நில்லுடி! போகாத!"

சண்மு திரும்பினாள்.

ஈர முகம். கன்னத்தில் ஒட்டிய முடி. யார் கூப்பிட்டார்கள் என்று கரையெல்லாம் தேடுகிற கண். பின்னால் ஒரு அலை எழுந்து, அவள் தோள் வரை வந்து, உடைந்தது. இரண்டு பேர் ஓடிப்போய் அவளைத் தூக்கி வந்தார்கள்.

"கட்! எவன்யா கத்துனது?" மதிவாணன் எழுந்து நின்றார்.

"நான்தான் சார்" என்றாள் அனு. "அந்தக் கம்பத்தத் தாண்டிருப்பா."

அவர் கேட்கவில்லை. மறுபடி மானிட்டருக்குக் குனிந்திருந்தார். "அந்தத் திரும்புறது மட்டும் போடு. இன்னொரு வாட்டி. நிறுத்து அங்க."

திரையில் சண்முவின் முகம் நின்றது.

"அஸ்வின், இந்த மூஞ்சியப் பாருய்யா. ஸஹானாவுக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு வெச்சா? கடைசில அந்தப் பொண்ணு கடலுக்குப் போறா, அம்மா கூப்பிடறா, திரும்பறா. அம்மாவோட சின்ன வயசு ஜாடை அப்படியே இருக்கு. எவனும் நம்பலன்னு சொல்ல முடியாது. அனு கூடப் பொறந்ததாச்சே."

"சூப்பர் சார். அந்த டயலாக்க இவளுக்குக் குடுத்துட்டா?"

"அதேதான். அங்க முடிச்சிடுவோம்."

அவர்களுக்குப் பின்னால்தான் அனு நின்றாள். யாரும் குரலைத் தாழ்த்தவில்லை. அவள் காதில் விழுவது அவர்களுக்கு ஒரு விஷயமாகப் படவில்லை.

*

கருணாகரன் தோளில் மாம்பழ நிறப் பட்டு விரிந்திருந்தது. எதிரில் ஒரு கல்யாணக் கும்பல். புடவையைத் தன் மேல் போட்டு, முந்தானையைக் கையில் ஏந்தி, கண்ணாடிப் பக்கம் திரும்பிக் காட்டுவதில் அந்த மாடியில் அவரை அடிக்க ஆளில்லை. போன் அடித்தது. புடவையோடேயே எடுத்தார்.

"ஏங்க, சின்னவளுக்கும் வேஷம் குடுத்துட்டாங்க!" தங்கத்தின் குரலில் கடல் இரைச்சலும் சேர்ந்து வந்தது. "நாளைக்கும் வரச் சொல்லுதாங்க. கடைசி சீன் பூரா அவதான்."

"நெசமாவா? மூத்தவ?"

"அவளும் இருக்கா. சின்ன வயசுல வாரா."

"அவளுக்கு இப்பவே சின்ன வயசுதானே?"

"அது ஸஹானான்னு ஒரு பொண்ணு... வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்."

கருணாகரன் போனை வைத்தார். முகம் மலர்ந்தது. "எம் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஒரே படத்துல" என்று கல்யாணக் கும்பலிடமே சொன்னார். அவர்கள் வாழ்த்திவிட்டு, இதே டிசைனில் பச்சை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பக்கத்து மேஜையில் புடவை மடித்துக்கொண்டிருந்த ஜஹீதா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "கடைசி சீனு சின்னதுக்கா? அப்ப பெரிசு ஹீரோயின் இல்லியாண்ணே?"

"ஏன் இல்ல? அதெல்லாம்..."

"இல்லண்ணே, படத்துல கடைசியா யாரு நிக்கிறாங்களோ அவங்கதானே ஹீரோயினு."

கருணாகரன் பச்சைப் புடவையை உருவினார். தோளில் போட்டார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மீசை வைத்த ஆள் ஒருவன் கல்யாணப் பெண்ணின் புடவையில் நின்றான். வழக்கமாக அவர் அதைப் பார்ப்பதே இல்லை.

"ஹீரோயின்தான்" என்றார், ஜஹீதாவைப் பார்க்காமல்.

*

சாயங்காலம் அவர் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். ஒரே பொட்டலம். வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தார். கதவைத் திறந்ததும் சண்மு ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவர் வாயில் பழகிய சொல் பாதி வந்துவிட்டது.

"வாட்டி ஹீரோ..."

நிறுத்திக்கொண்டார். அனு கேட்டுவிட்டாள். அவள் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முள்முள்ளாக முடி முளைத்த தலை. இனி யாரிடம் மறைக்க?

"அனு, கடல்ல தங்கச்சியக் காப்பாத்துனியாமே" என்றார். வேறு எதையும் சொல்ல அவருக்கு வரவில்லை.

"கத்துனேன்."

"நல்லதுதானே."

"கத்தாம இருந்தா அவ திரும்பிருக்க மாட்டா."

கருணாகரனுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் பொட்டலத்தைப் பிரிக்கத் தொடங்கினார்.

தங்கம் தரையில் உட்கார்ந்து சண்முவின் தலைக்கு எண்ணெய் வைத்தாள். உப்புத் தண்ணீரில் சிக்கு விழுந்திருந்தது. "ஆடாதட்டி. நாளைக்குச் சடை நல்லா இருக்கணும்." பிறகு அனுவைப் பார்க்காமல், "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளையளுதான். எங்க போயிடுது?" என்றாள்.

அனு அல்வாவைத் தொடவில்லை.

அப்போது அஸ்வினின் போன் வந்தது. தங்கத்தின் கையில் எண்ணெய். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, சார் ஒண்ணு கேக்கச் சொன்னாரு. சின்னவளுக்குப் பல்லு இல்லல்ல? பேசுனா காத்துதான் வருது. இன்னிக்கு டெஸ்ட்ல பாத்தோம். அவ வாயசைக்கட்டும், குரல் அனு குடுத்துடட்டும். அக்கா தங்கச்சி குரல், பொருத்தமா இருக்கும். காலைல சீன் எடுத்துட்டு, மத்தியானமே டப்பிங். அனுவோட தொண்டை நல்லா கீதில்ல?"

"நல்லா இருக்கு தம்பி. நான்தான் பொத்திப் பொத்தி வெச்சிருக்கேனே."

"அப்ப ஓகே சொல்லிடவா?"

தங்கம் அனு பக்கம் திரும்பினாள். கருணாகரனும் திரும்பினார். ஒரு நொடி இரண்டு பேரும் அவளிடம் கேட்கத்தான் போகிறார்கள் என்று தோன்றியது.

"சொல்லிருங்க" என்றாள் தங்கம்.

சண்மு சடையைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா, அந்த டயலாக் சொல்லு. வாயசைச்சுப் பாக்குறேன். கடல் யாருக்கும்... அப்புறம் இன்னா?"

அனு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

பிரிட்ஜைத் திறந்தாள். ஒரு வருஷமாகத் திறக்காத கதவு. உள்ளே விளக்கு எரிந்தது. முழுப் பாட்டிலை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நெற்றிப்பொட்டு வலித்தது. இரண்டாவது பாட்டிலையும் குடித்தாள். இதனால் குரல் போகுமா என்று அவளுக்குத் தெரியாது. அம்மா சொன்னதுதான் தெரியும். அம்மா சொன்ன எத்தனையோ விஷயங்கள் பொய்யாகிப் போயிருந்தன. இதுவாவது நிஜமாக இருக்கட்டும்.

பிரிட்ஜின் மேல் அறையைத் திறந்து ஐஸ் டிரேயை முறுக்கினாள். கட்டிகள் படபடவென்று உள்ளங்கையில் விழுந்தன.

"யாருட்டி அது பிரிட்ஜத் திறந்தது?" தங்கம் கூடத்திலிருந்து கேட்டாள். "அனு? உன்னத்தான் கேக்கேன். வாயத் திறந்து சொல்லேன்."

அனு திறக்கவில்லை. வாய் நிறைய ஐஸ் இருந்தது.